ராத்திரி வலிச்சா யாரைக் கூப்பிடறது?

ராத்திரி மணி ரெண்டு. ஒரகடம் பக்கம் ஒரு வாடகை வீடு. மகனுக்கு நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் வந்து இறக்கிவிட விடிந்துவிடும். கட்டிலில் மாமியார், முற்றிய புற்றுநோய். பக்கத்தில் மருமகள் மட்டும். "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்கு அழைச்சுட்டுப் போங்கன்னுட்டாங்க..."

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியில் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்வது கஷ்டமா என்ன?

ஆனால், 'செய்ய ஒன்றுமில்லை' என்பது சரியல்ல. நோயைக் குணப்படுத்த முடியாவிட்டாலும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், பயம் எல்லாவற்றையும் தணிக்கலாம். அதுதான் ஆதரவு சிகிச்சை. புற்றுநோய்க்கு மட்டுமல்ல, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மறதி நோய்க்கும் இது உண்டு.

வழிகாட்டியவர்கள்

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு சமூக சேவகி, அப்புறம்தான் டாக்டர்! உடம்பு வலியோடு மன வலியும் குடும்பக் கவலையும் சேர்ந்ததே முழு வலி என்றார். அதனால்தான் இதற்கு ஒரு டாக்டர் போதாது, ஒரு குழு வேண்டும்.

நம் பக்கத்து மாநிலத்தில், 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரண சங்கத்தை ஆரம்பித்தார்கள். அந்த முயற்சி வளர்ந்து, ஊர்க்காரர்களே தொண்டர்களாக வீடு வீடாகப் போகும் இயக்கமானது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆதரவு சிகிச்சை நர்ஸ், இயன்முறை சிகிச்சையாளர், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வருகிறார்கள்.

தலைவிக்கு என்ன வேலை?

இந்தக் குழுவை வழிநடத்துவது பெரும்பாலும் ஒரு நர்ஸ்தான். இன்று யார் வீட்டுக்கு முதலில் போவது என்று தீர்மானிப்பதும், டாக்டரிடம் பேசி மருந்தளவை மாற்றிக் கேட்பதும் அவர் பொறுப்பு. நோயாளி இறந்தபின் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து வருவதும், தன் குழுவினர் கண் கலங்கினால் தோள் கொடுப்பதும்கூட அவர் வேலைதான்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. குழு வீட்டில் இருப்பது ஒரு மணி நேரம். மீதி இருபத்துமூன்று மணி நேரம் யார் பார்ப்பது? அந்த மருமகள்தான்! அவளையும் குழுவில் ஒருத்தியாக ஆக்குகிறவரே நல்ல தலைவி.

கிளம்பும் முன் அவர் இவற்றைச் சொல்லித் தரவேண்டும்; சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்:

• எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு? இடையில் வலி வந்தால் எவ்வளவு கூடுதல்? பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள்.

• படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை எப்படிப் புரட்டுவது?

• வாய் உலராமல் எப்படித் துடைப்பது?

• ராத்திரியில் எந்த நம்பருக்குப் போன் செய்வது?

மார்ஃபினா... ஐயோ!

பயப்படாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் வாய்வழி மார்ஃபின் கொடுத்தால் ஆயுள் குறையாது. பெரும்பாலும் நாலு மணிக்கொரு முறை, வலி வரும் முன்பே தரவேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். 2014-ல் போதைமருந்துச் சட்டம் திருத்தப்பட்டு, இதைப் பெறுவதில் இருந்த கெடுபிடிகள் குறைக்கப்பட்டன. நீங்களாக அளவைக் கூட்டவோ, திடீரென நிறுத்தவோ வேண்டாம்.

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 104-க்கும் போன் செய்து கேட்கலாம். வலி தாங்க முடியாத அளவுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு ராத்திரி... மாமியார் முனகுகிறார். மருமகள் எழுந்து, சுவரில் ஒட்டிய சீட்டைப் பார்த்து மருந்தைக் கொடுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் முனகல் அடங்குகிறது. "நீயும் செத்த படும்மா" என்கிறார் மாமியார்.

குழு அங்கே இல்லை. ஆனாலும் அது வேலை செய்கிறது!