தேயிலைச் சாயத்தில் ஒரு நிழற்படம்

கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்லும் நாம் அனைவரும் தேயிலைச் செடிகளின் நடுவே நின்று படம் எடுத்திருப்போம். 1929-இல் ஜே.ஏ. ரசல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, அம்மலையில் கொழுந்து பறித்த கைகளுள் பல தமிழர் கைகள். ஆனால், அந்தக் குடும்பங்களிடம் எஞ்சியிருப்பவை தகரப் பெட்டியில் பூஞ்சணம் பூத்த சில படங்களே. அப்படங்களைத் தேயிலைச் சாயம் கொண்டே மீண்டும் கையால் அச்சிட ஒரு வழி உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் அடிப்படை ‘சயனோடைப்’ எனப்படும் நீல அச்சு முறை. 1842-இல் ஆங்கிலேய அறிவியலறிஞர் ஜான் ஹெர்ஷல் இதைக் கண்டறிந்தார். பின்னாளில் கட்டட வரைபடங்களுக்கு இம்முறை பயன்பட்டது. ‘புளூபிரிண்ட்’ என்ற சொல் அப்படி வந்ததே.

முதலில் பழைய படத்தைக் கணினியில் பதிவு செய்து, நெகட்டிவாக மாற்றி, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட வேண்டும். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரு கரைசல்களையும் மங்கிய விளக்கொளியில் சம அளவு கலந்து, கனமான ஓவியத் தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். கையுறை அவசியம், ஃபெரிசயனைடுடன் அமிலம் சேரக்கூடாது. பிறகு தாளின்மேல் நெகட்டிவையும் கண்ணாடியையும் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். நல்ல வெயிலில் கால் மணி நேரம் போதும். மலையில் மூடுபனி இறங்கினால் கூடுதல் நேரம் பிடிக்கும். தண்ணீரில் அலசினால், ஒளி பட்ட இடம் மட்டும் நீலமாக நிற்கும்.

அடுத்து, நீர்த்த சலவைச் சோடாக் கரைசலில் தாளை நனைத்தால் நீலம் வெளுத்து, மங்கிய மஞ்சளாகும். படம் அழிந்துவிட்டதோ என்று தோன்றும். ஆனால், அதிலிருந்த இரும்பு தாளிலேயே தங்கியிருக்கிறது. நன்கு அலசியபின் கெட்டியான தேநீரில் ஊறவைக்க வேண்டும். பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’தான். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர, முகங்கள் கரும்பழுப்பு நிறத்தில் மெல்ல எழுந்து வரும். வெள்ளைப் பகுதிகளும் சற்றுச் சாயமேறும்.

இந்த இரசாயனம் நமக்குப் புதிதன்று. வாழைப்பூ நறுக்கிய இரும்புக் கத்தி கறுப்பதும் இதனால்தான். கலம்காரி ஓவியர்கள் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு வரைவதும் இதே வினைதான். தமிழகத்தின் கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கொழுந்து பறிப்பவரின் விரல்களில் படியும் கறைக்கும் இலையின் துவர்ப்புப் பொருளே காரணம். காற்றுப் பட்டு அது கருத்துவிடுகிறது. என் பாட்டி, படம் எடுக்க நிற்கும்போதெல்லாம் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். அவருடைய படத்தை நான் இம்முறையில் அச்சிட்டேன். அவர் மறைத்த சாயம்தான் இன்று அவர் முகத்தைக் காட்டுகிறது.

கணினியில் நொடியில் அச்சிடலாமே என நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், வெயிலுக்குக் காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரம் கணினி அச்சில் கிடைக்காது. “பக்கத்தில் நிற்பது யார்? எந்த லயம்?” என்று பெரியவர்களிடம் கேட்க அதுவே நல்ல நேரம். இன்று தோட்டங்களில் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் இயந்திரங்களுமே கொழுந்து எடுக்கின்றனர். நம்மவர் பலர் பட்டணம் சேர்ந்துவிட்டனர். படத்திலிருப்போரின் பெயர் அறிந்தவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர்.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறையில் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூலப்படத்தை நனைக்காதீர்கள், நகலை மட்டும் பயன்படுத்துங்கள். அச்சு உலர்ந்ததும், கேட்டறிந்த பெயர்களைத் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.