'கெட்டிக்காரி' என்னும் பட்டம்

காலாண்டுத் தேர்வு முடிந்த சில நாள்களில், எங்கள் மகளின் புத்தக அலமாரியைத் தூசி தட்டியபோது, பழைய நிலப்பட நூலின் நடுவே நான்காக மடித்த தாள் ஒன்று கிடைத்தது. கணக்குத் தேர்வின் விடைத்தாள்; நூற்றுக்கு 31. "இன்னும் விடைத்தாள் கொடுக்கவில்லை" என்றே அவள் சொல்லி வந்தாள். பொய்யறியாப் பிள்ளை என்று நாங்கள் நம்பியிருந்தவள் ஏன் பொய் சொன்னாள்?

கடிந்துகொள்ள வாயெடுத்தோம். அழுகையினூடே அவள் கேட்ட கேள்வி எங்களைத் தடுத்து நிறுத்திற்று: "நான் கெட்டிக்காரி இல்லை என்று தெரிந்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்காதா, அப்பா?"

அந்தப் பட்டத்தை அவளுக்குச் சூட்டியவர்கள் நாங்களே. விருந்தினர் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்களும் நாங்களே.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நம் சிந்தனைக்குரியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருவப் புதிர்கள் தரப்பட்டன. முடித்ததும் ஒரு சாராரை, "நீ அறிவாளி" என்று பாராட்டினர். மற்றொரு சாராரை, "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்று பாராட்டினர். அடுத்து, எல்லாரும் தடுமாறும்படி கடினமான புதிர்களைக் கொடுத்தனர். பின்னர் மீண்டும் முதலில் தந்தவற்றை ஒத்த புதிர்கள். அறிவுக்காகப் பாராட்டப் பெற்றவர்கள் முன்னிலும் குறைவாகச் செய்தனர். உழைப்புக்காகப் பாராட்டப் பெற்றவர்கள் முன்னிலும் நன்றாகச் செய்தனர். தம் மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அறிவாளி என்று புகழப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐவருக்கு இருவர் கூட்டி எழுதினர்!

காரணம் எளிது. வெற்றி அறிவுக்குச் சான்று என்றால், தோல்வி அறிவின்மைக்குச் சான்றாகிவிடுகிறது. சான்றை மறைக்காமல் பிள்ளை வேறென்ன செய்யும்?

அதற்காக, "உழை, உழை" என்று ஓதிக்கொண்டிருந்தால் போதாது. பலன் தராத வழியிலேயே பிள்ளை மீண்டும் மீண்டும் முட்டிக்கொண்டால், வேறு வழியைக் காட்ட வேண்டும் என்று டுவெக்கே பின்னர் வற்புறுத்தினார். இது மந்திரமும் அன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், அறிவு வளரக்கூடியது என்று கற்பித்த குறுகிய பாடத்தால், படிப்பில் பின்தங்கியோர் பெற்ற உயர்வு சிறியதே. ஆயினும் அது உண்மையான உயர்வு.

நாங்கள் செய்தது இவ்வளவே. அந்த 31 மதிப்பெண் தாளை மேசைமீது விரித்து, ஒவ்வொரு தவறும் எங்கே தொடங்கிற்று என்று அவளோடு அமர்ந்து தேடினோம். பின்னங்களைக் கூட்டுவதில்தான் சிக்கல். நாள்தோறும் ஐந்து கணக்குகள், விடை தவறினால், "எந்தப் படியில் வழுக்கிற்று?" என்ற கேள்வி மட்டும். 'கெட்டிக்காரி' என்ற சொல்லை விட்டுவிட்டோம்.

அரையாண்டுத் தேர்வில் 47 பெற்றாள். பெரிய மதிப்பெண் அன்று. ஆனால் அன்று மாலை, நாங்கள் கேட்குமுன்பே, விடைத்தாளைத் தானே எடுத்து வந்து மேசைமீது வைத்தாள். எங்களுக்கு அதுவே முதல் வகுப்புத் தேர்ச்சி.

பெற்றோரே, நம் பிள்ளைகளின் விடைத்தாள்கள் நம் இல்லத்தில் ஒளிந்து கிடக்கின்றனவா? மேசைக்கு வருகின்றனவா?