கெடு வைத்து வந்த பணம்

2020 மார்ச்சில் அமெரிக்க அரசுப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது எட்டாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டின் பெரும்பகுதியை அது மடிக்கணினித் திரைக்கு முன்னால் கழித்திருக்கும். இயற்கணிதம் அரைகுறையாகத்தான் ஏறியிருக்கும். எப்படியோ ஒவ்வொரு வகுப்பாகத் தேறி, 2024 ஜூனில் பட்டமளிப்பு அங்கி மாட்டிக்கொண்டு பள்ளியை விட்டும் போயிருக்கும். அந்தப் பிள்ளை இழந்த படிப்பை மீட்பதற்கென்று வாஷிங்டன் அனுப்பிய பணத்தை இன்ன செலவுக்கு என்று ஒதுக்கி முடிக்கப் பள்ளிகளுக்குக் கொடுத்த கடைசிக் கெடு, 2024 செப்டம்பர் 30.

பிள்ளை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

மூன்று தவணைகளில் வந்த தொகை சுமார் 19,000 கோடி டாலர். அமெரிக்கப் பள்ளிக்கல்வி வரலாற்றில் மத்திய அரசு ஒரே நெருக்கடிக்காக இவ்வளவு கொடுத்ததில்லை. இந்தப் பணம் எங்கே உதவியது, எங்கே கரைந்தது என்று பார்ப்பது கடந்த காலத்துக் கணக்கைக் கிளறும் வேலை அல்ல. பொருளாதாரம் சரியும்போதெல்லாம் இப்படி ஒரு பணம் வருகிறது. இனியும் வரும்.

அமெரிக்காவில் 13,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் ஊரில் சொல்லும் வருவாய் மாவட்டம் அல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே உள்ள தனி நிர்வாகம். பெரும்பாலானவற்றுக்கு ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு. சாதாரண ஆண்டுகளில் இவற்றின் வருமானத்தில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்றைத் தொடுவதே அரிது. மீதியை மாநில அரசும் உள்ளூர்ச் சொத்து வரியும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகத் தாங்குகின்றன. வீட்டு விலை சரிந்தால், கடை கண்ணி படுத்தால், வரி குறையும். மாநிலங்கள் வாஷிங்டனைப் போலக் கடன் வாங்கிப் பற்றாக்குறையை ஓட்ட முடியாது. பள்ளிச் செலவில் பெரும்பங்கு சம்பளம் என்பதால் அடி ஆசிரியர் மேல் விழுகிறது. அதைத் தடுக்கத்தான் வாஷிங்டன் உள்ளே வருகிறது.

1930-களின் பெருமந்தத்தில் ரூஸ்வெல்ட் அரசின் பொதுப்பணி நிர்வாகம் இதே வேலையை வேறு வழியில் செய்தது. வேலை உண்டாக்குவதற்காகப் பள்ளிக்கூடங்கள் கட்டப் பணம் கொடுத்தது. 1933 முதல் 1939 வரை அந்த நாட்டில் எழுந்த புதிய கல்விக் கட்டடங்களில் சுமார் 70 விழுக்காடு அதன் உதவியோடு எழுந்தவை. அவற்றில் பலவற்றில் இன்றைக்கும் மணி அடிக்கிறது.

2009-ல் நடந்தது

2009 பிப்ரவரி 17 அன்று டென்வர் நகரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தின் மொத்த மதிப்பு 78,700 கோடி டாலர். கல்விக்குச் சுமார் 10,000 கோடி. அதில் 5,360 கோடி, மாநிலங்களின் வரவுசெலவுத் திட்டம் நிலைகுலையாமல் பார்த்துக்கொள்ள. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கான நிதிக்கும் மாற்றுத்திறன் மாணவர் கல்விக்கும் தனித்தனியே ஆயிரம் கோடிக்கு மேல் போனது. 2011 செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பணத்தின் பெரும்பகுதி சம்பளமாகப் போனது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வெள்ளை மாளிகை சொன்ன கணக்குப்படி சுமார் இரண்டரை லட்சம் கல்வித்துறை வேலைகள் காப்பாற்றப்பட்டன. வகுப்பில் ஆசிரியர் நிற்பதைவிடப் பெரிய செலவு ஒரு பள்ளிக்கு இருக்க முடியாது. ஆனால் பணம் தீரும் நாளுக்கு என்ன செய்வது என்று யோசித்தவர்கள் குறைவு. சில மாநிலங்கள் மத்தியப் பணம் வந்த தைரியத்தில் தங்கள் பங்கைச் சுருக்கிக்கொண்டன. இரண்டு ஆண்டு கழித்துப் பணம் நின்றபோது மாநில வரி இன்னும் எழுந்திருக்கவில்லை. 2012 வாக்கில் நாடு முழுக்க உள்ளூர்ப் பள்ளி வேலைகள் மந்தத்துக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்று லட்சம் குறைந்திருந்தன.

ஆட்குறைப்பில் பல இடங்களில் ஒரு கொடுமையான நியாயம் உண்டு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். வசதியான பகுதிப் பள்ளிகளில் இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கள் இருப்பார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளில் புதியவர்களே அதிகம். லாஸ் ஏஞ்சலிஸின் மூன்று நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியர்களில் பாதிப்பேர் அளவுக்குப் பணிநீக்க அறிவிப்பு வந்தது. ஒரு வகுப்புக்கு ஒரே ஆண்டில் பதிலி ஆசிரியர்கள் மாறி மாறி வந்தார்கள். 2010-ல் அந்தப் பிள்ளைகள் தரப்பில் நீதிமன்றத்துக்கே போக வேண்டியதாயிற்று. ஊருக்கெல்லாம் பொதுவாக வந்த நெருக்கடி, கடைசியில் மிகவும் எளிய பிள்ளைகளின் வகுப்பறையில் வந்து இறங்கியது.

அதே காலத்தில் இன்னொரு சோதனையும் நடந்தது. மிகவும் பின்தங்கிய பள்ளிகளைத் தூக்கி நிறுத்த என்று ஒரு திட்டத்தில் சில ஆண்டுகளில் சுமார் 700 கோடி டாலர் கொட்டப்பட்டது. தலைமையாசிரியரை மாற்று, ஆசிரியர்களில் பாதிப்பேரை மாற்று, இல்லையென்றால் பள்ளியையே மூடு என்ற ரீதியில் நான்கு வழிகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 2017-ல் அமெரிக்கக் கல்வித்துறையின் ஆய்வு நிறுவனமே வெளியிட்ட மதிப்பீடு, இந்த வழிகளால் வாசிப்பிலோ கணக்கிலோ பள்ளிப்படிப்பை முடிப்பதிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்றது. ஆளை மாற்றினார்கள், பாடம் நடக்கும் முறையை மாற்ற அவகாசம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

மறுபடியும் வெள்ளம்

2020 மார்ச்சில் 1,320 கோடி, அதே ஆண்டு டிசம்பரில் 5,430 கோடி, 2021 மார்ச்சில் 12,200 கோடி. கொரோனாப் பணம் ஒவ்வொரு முறையும் பெருகி வந்தது. ஏழ்மையைக் கணக்கிட்டுப் பங்கிட்டதால் வறிய நகரங்களுக்கு அள்ளிக் கிடைத்தது. கடைசித் தவணையில் ஐந்தில் ஒரு பங்கையாவது படிப்பு இழப்பை மீட்கச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. மீதி ஐந்தில் நான்கு பங்கு கிட்டத்தட்ட மாவட்டத்தின் விருப்பம்.

டெட்ராய்ட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 50,000 பிள்ளைகள் படிக்கும் மாவட்டம். கிடைத்தது ஏறத்தாழ 127 கோடி டாலர். தலைக்கு 25,000 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் அந்த ஊர் ஆசிரியர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்துப் போராடினார்கள். சுவரில் பூஞ்சை, வகுப்பில் எலி, பெயர்ந்து தொங்கும் கூரை என்று அவர்கள் எடுத்த படங்கள் நாடெங்கும் பரவின. 2018-ல் தண்ணீரில் ஈயமும் செம்பும் கலந்திருப்பதாகத் தெரிந்து, கண்காணிப்பாளர் நிகோலாய் விட்டி எல்லாப் பள்ளிகளிலும் குடிநீர்க் குழாய்களை மூடச் சொன்னார். மிச்சிகனில் பள்ளிக் கட்டடத்துக்கென்று மாநிலம் வழக்கமாகத் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. ஊர்தான் கடன்பத்திரம் போட்டுத் திரட்ட வேண்டும். பழைய கடனில் மூழ்கிக் கிடந்த டெட்ராய்ட்டுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது.

விட்டியும் வாரியமும் சுமார் 70 கோடி டாலரை, வந்ததில் பாதிக்கு மேல், கட்டடத்துக்கு ஒதுக்கினார்கள். கூரை, காற்றோட்டக் கருவிகள், சில இடங்களில் முழுப் புதுப் பள்ளி. படிப்பை மீட்கச் சொன்னால் சிமெண்ட் வாங்குகிறார்களே என்று விமர்சனம் எழுந்தது. நான் டெட்ராய்ட்டின் பக்கம். வேறு எந்தப் பணத்திலும் அந்தக் கூரை மாறியிருக்காது. வெள்ளம் வரும் ஆண்டில் கண்மாய்க் கரையைக் கட்டாத ஊர் பிறகு எப்போது கட்டப் போகிறது? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020 ஜூனில் வெளியிட்ட கணிப்பின்படி, 41 விழுக்காடு மாவட்டங்களில் பாதிப் பள்ளிகளிலாவது குளிர்-வெப்பக் காற்றோட்டக் கருவிகளை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டியிருந்தது. நாடெங்கும் சுமார் 36,000 பள்ளிகள். நோய் காற்றில் பரவிய காலத்தில் அந்தச் செலவு ஆடம்பரம் ஆகாது.

ஆனால் கட்டடம் என்ற பெயரில் எல்லாம் ஒன்றல்ல. விஸ்கான்சினில் ஒரு மாவட்டம், இந்தப் பணம் வந்ததால் மிச்சமான 16 லட்சம் டாலர் உள்ளூர்ப் பணத்தில் விளையாட்டு மைதானங்களுக்குச் செயற்கைப் புல் விரித்தது. சட்டப்படி தப்பில்லை. கணக்கில் பின்தங்கிப்போன பிள்ளையின் அம்மாவிடம் அதை எப்படி விளக்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், 2019 இலையுதிர்காலத்தில் 5.08 கோடியாக இருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை ஓர் ஆண்டில் 4.94 கோடியாகக் குறைந்திருந்தது. பிள்ளைகள் குறைந்த நேரத்தில் நிரந்தரப் பணியிடங்களைக் கூட்டிய மாவட்டங்கள் பல. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பள்ளி நிதியை ஆராயும் மார்கரீட் ரோசா இந்த ஆபத்தைத் தொடர்ந்து எச்சரித்தார். 2024 வந்தது, 2011 திரும்பவும் நடந்தது. ஆட்குறைப்பு, பள்ளி மூடல், சாலையில் பதாகை பிடித்து நிற்கும் பெற்றோர்.

அதனால், ஒருமுறை வரும் பணத்தில் மாதச் சம்பளம் போடாதே என்று கணக்கர்கள் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் முதலில் சொன்ன எட்டாம் வகுப்புப் பிள்ளை. கட்டடம் நாற்பது ஆண்டு நிற்கும். அந்தப் பிள்ளை நான்கே ஆண்டில் போய்விடும். 2022-ல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் எட்டாம் வகுப்புக் கணக்கின் சராசரி 2019-ஐவிட 8 புள்ளி சரிந்தது. இதற்கு மருந்து ஆள்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆள்.

அது எப்படிப்பட்ட ஆள் என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம். சிகாகோவில் சாகா என்ற அமைப்பு நடத்திய முறையில் ஒரு பயிற்றுநருக்கு இரண்டே மாணவர்கள். பள்ளி நேரத்திலேயே, தினமும், கால அட்டவணையில் ஒரு பாடவேளையாக. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நன்றாகவே முன்னேறியதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்களை ஒப்பிட்டுக் காட்டினார்கள். பயிற்றுநர்கள் முழுநேர ஆசிரியர்கள் அல்லர். ஓரிரு ஆண்டு வேலைக்கு வந்த இளைஞர்கள். பணத்துக்குக் கெடு இருந்தால் இவர்களின் ஒப்பந்தத்துக்கும் அதே கெடுவை வைத்து, சேரும் நாளிலேயே சொல்லிவிடலாம். அதில் யாருக்கும் வஞ்சகம் இல்லை.

நடந்தது பல இடங்களில் வேறு. ஆன்லைன் டியூஷன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, வேண்டும்போது உள்ளே வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று கடவுச்சொல் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக் குழுமத்தில் ஆய்ந்தபோது, ஐந்தில் ஒரு மாணவர்கூட ஒருமுறையாவது அதைத் தொட்டதில்லை. தொட்டவர்களிலும் பின்தங்கிய பிள்ளைகள் குறைவு. தனக்கு எது புரியவில்லை என்றே தெரியாத பிள்ளை எப்படிக் கேட்கும்?

பிள்ளையின் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும் என்பது தமிழ்நாட்டு வாசகருக்குத் தெரிந்த பாடம். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்தான். தெருவில் இருக்கும் பெண்ணே மாலையில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்தார். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பிள்ளைகள் மீட்டெடுத்த படிப்பில் ஏறத்தாழ கால் பங்கு இதனால் வந்தது என்று கணித்தது.

அமெரிக்கப் பணத்தின் பலனையும் அளந்திருக்கிறார்கள். ஹார்வர்டின் தாமஸ் கேன், ஸ்டான்ஃபர்டின் ஷான் ரியர்டன் குழு 2024-ல் சொன்னது: தலைக்குக் கூடுதலாகச் செலவான ஒவ்வொரு 1,000 டாலரும் கணக்கில் ஒரு பள்ளி ஆண்டின் 3 விழுக்காடு அளவு முன்னேற்றம் தந்தது. ஏறத்தாழ ஐந்தாறு பள்ளி நாட்கள். வீண் அல்ல; ஆனால் இழந்த மாதங்களுக்கு முன்னால் கொஞ்சம்தான். இது சராசரி என்பதை மறக்கக் கூடாது. செயற்கைப் புல்லும் இதில் அடக்கம், பக்கத்தில் உட்கார்ந்த பயிற்றுநரும் அடக்கம்.

சராசரியைத் தாண்டியவர்களும் உண்டு. நான்காம் வகுப்பு வாசிப்பில் 2019-ல் நாட்டின் கடைசி வரிசையில் இருந்த லூசியானா, 2024-ல் தன் பழைய மதிப்பெண்ணைத் தாண்டிப் போனது. வாசிப்பில் அப்படிச் செய்த ஒரே மாநிலம் அது. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில் தனிப்பயிற்சி வைத்தார்கள். அலபாமா நான்காம் வகுப்புக் கணக்கில் அதே சாதனையைச் செய்தது. இரண்டும் பணக்கார மாநிலங்கள் அல்ல. ஆசிரியர் ஒருமுறை கற்ற வித்தை, பணம் நின்ற பிறகும் அவரோடு இருக்கிறது.

நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் மிச்சிகனிலும் அரசுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் ஏராளம். உங்கள் பள்ளி வாரியக் கூட்டம் யாரும் போய் உட்காரக்கூடிய கூட்டம். பொதுமக்கள் பேசச் சில நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள். அடுத்த முறை வாஷிங்டனிலிருந்து இப்படிப் பணம் வந்தால் போய் மூன்று கேள்வி கேளுங்கள். இது தீரும் நாளில் யாருடைய வேலை போகும்? எந்தப் பிள்ளைக்கு, வாரத்தில் எத்தனை நாள், யார் பக்கத்தில் உட்காரப் போகிறார்கள்? அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுப் போவதற்கு முன் அது நடக்குமா?