கச்சான் வீசும் நாளில் விண்ட்சர்ஃபிங்

ஆனி, ஆடியில் கீழவைப்பார் கரையில் கச்சான் காற்று வலுத்து வீசும். பாய் கட்டிய பலகையில் நின்று விண்ட்சர்ஃபிங் செய்கிறவர்கள் கவனிக்க! காற்றின் வேகம் 2 மடங்கானால், பாயைத் தள்ளும் விசை 4 மடங்காகிவிடும். அதனால் சிறிய பாயைக் கட்டுங்கள். பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை நன்றாக இறுக்கினால், மேல்பகுதியின் பின்விளிம்பு தளர்ந்து, மிஞ்சிய காற்றை வெளியேற்றும். பலகைக்கு அடியில் உள்ள ஃபின்னும் சிறியதாக இருக்கட்டும். காற்று திடீரென்று அறைந்தால் நிமிராதீர்கள். இடுப்பைத் தாழ்த்தி, பாரத்தை இடுப்புப்பட்டையில் விட்டு, பின்கையைச் சற்றே தளர்த்துங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான், இங்கே ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். அதுதான் பெரிய ஆபத்து. தனியாக இறங்கவே வேண்டாம். விழுந்தால், பலகையை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். அது மிதக்கும், அதையே பிடித்திருங்கள்.