எண்ணால் இயங்கும் உளி: தச்சுப் பட்டறைக் குடும்பங்கள் அறிய வேண்டுவன

காவிரியாறு கருநாடகத்தை விட்டுத் தமிழகத்தை நாடிச் செல்லும் மலைக்காட்டின் ஓரத்தில் கோபிநத்தம் என்னும் சிற்றூர் உள்ளது. 1997ஆம் ஆண்டு வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. எனினும் வெளியுலகம் அவ்வூரை அறிந்தது சந்தன மரம் கடத்திய வீரப்பன் பிறந்த ஊர் என்றுதான். அவ்வூரார்க்கு வீடும் மருந்தகமும் மாரியம்மன் கோயிலும் அமையப் பாடுபட்ட வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பர் 10ஆம் நாள் வீரப்பனால் கொல்லப்பட்டார். 2004 அக்டோபர் 18ஆம் நாள் வீரப்பனும் சுடப்பட்டு மாண்டான். களவில் வெட்டிய மரத்தால் ஓர் ஊர் முழுதும் பல்லாண்டு பழி சுமந்தது.

அத்தகைய எல்லையூர்களிலிருந்து பிழைப்புத் தேடி மைசூருக்கும் பெங்களூருக்கும் வந்த குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் இளைஞர் சிலர் இன்று மரத்தையே தொழிலாகக் கொண்டு, கதவும் கட்டிலும் நாற்காலியும் செய்யும் பட்டறைகளில் நேர்மையாக உழைத்து உண்கின்றனர். காட்டு மரம் தந்த பழியைப் பட்டறை மரம் துடைக்கிறது என்று நாம் மகிழலாம். ஆனால் அப்பட்டறைகளில் புதிதாகப் புகுந்துள்ள ஓர் இயந்திரத்தைப் பற்றி அவ்விளைஞரும் அவர்தம் இல்லத்தாரும் அறிய வேண்டுவன சில உள. அவற்றை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

இயந்திரம் எத்தகையது?

சி.என்.சி. ரூட்டர் என்று அதனை வழங்குகின்றனர். அகன்ற மேசைமீது பலகையைக் கிடத்துவர். மேலே ஒரு பாலம் போன்ற சட்டம் முன்னும் பின்னும் நகரும். அச்சட்டத்தில் ஒரு மோட்டார் இடமும் வலமும் செல்லும், மேலும் கீழும் இறங்கி ஏறும். மோட்டாரின் நுனியில் பொருத்திய வெட்டுமுனைக்குப் பட்டறையில் ‘பிட்’ என்று பெயர். கணிப்பொறியில் எழுதிய எண்களின்படி அந்தப் பிட் மரத்தைக் குடைந்தும் வெட்டியும் உருவம் சமைக்கிறது. எண்களால் இயந்திரத்தை இயக்கும் இம்முறை அமெரிக்காவில் பிறந்தது. ஜான் பார்சன்ஸ் என்பார் எண்ணிய வழியைத் தொடர்ந்து, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952ஆம் ஆண்டில் அத்தகைய முதல் இயந்திரத்தை இயக்கிக் காட்டினர். அன்று அது விமான உறுப்புகளை வெட்ட வந்தது. இன்று நம் தெருப் பட்டறையில் தேக்கங் கதவில் பூ வேலை செய்கிறது.

கை உளிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை முதலில் உணர்தல் வேண்டும். கைத்தச்சர் உளியைத் தட்டும்போதே மரம் அவருக்கு மறுமொழி கூறுகிறது. கணு வந்தால் கை தானே தயங்கும். ரேகை திரும்பினால் உளியும் திரும்பும். ஆணி தட்டுப்பட்டால் ஓசையே சொல்லிவிடும். இயந்திரமோ எண்ணை மட்டும் அறியும், மரத்தை அறியாது. முன்னே கிடப்பது மரமோ, இரும்புக் கிளாம்போ, மனிதன் விரலோ, அதற்கு எல்லாம் ஒன்றே. ஆகவே தச்சர் கை வேலையின் இடையே அறிந்தவற்றையெல்லாம், இயந்திரத்தை இயக்குபவர் வேலை தொடங்கும் முன்னரே அறிந்து செய்து முடித்திருக்க வேண்டும். பாதுகாப்பு என்பது இதுவே.

மரத்தைப் படித்தல்

வைரம் பாய்ந்த தேக்கு, ஈட்டி, வேங்கை, கருமருது முதலியன மென்மரத்தைப்போல் விட்டுக்கொடுப்பன அல்ல. நன்கு உலராத மரம் வெட்டும்போதே உள்ளிழுப்பு விடுபட்டு வளையும்; வளைந்த மரம் பிட்டைக் கவ்வும்; கவ்விய பிட் ஒடிந்து தெறிக்கும். மேசை நாற்காலிக்கு எடுக்கும் மரத்தில் ஈரம் நூற்றுக்கு 8 முதல் 12 பங்கு அளவில் நிற்றல் நன்று. ஈரம் அளக்கும் சிறு கருவி கடையில் கிடைக்கிறது. பழைய வீடுகளைப் பிரித்து வாங்கும் தேக்கு நிலைகளிலும் உத்திரங்களிலும் ஆணி மறைந்திருக்கும். உலோகங் காட்டும் கருவியால் தடவிப் பாராமல் அவற்றை மேசையில் ஏற்றலாகாது. வெடிப்பும் தளர்ந்த கணுவும் உள்ள பகுதியை வெட்டுப் பாதையிலிருந்து விலக்குதல் வேண்டும்.

அடுத்தது பிடிமானம். பலகையைக் கிளாம்பாலோ திருகாலோ காற்றுறிஞ்சும் மேசையாலோ அசையாது நிறுத்த வேண்டும். கையால் அழுத்திப் பிடித்து வெட்டுதல் ஒருபோதும் கூடாது. பலகையினின்று சிறு துண்டை முழுதும் அறுத்தெடுக்கையில், கடைசிச் சுற்றில் அத்துண்டு விடுபட்டுப் பிட்டில் சிக்கிக் கல்லைப்போல் பறக்கும். அதனால் துண்டுக்கும் பலகைக்கும் இடையே நாலைந்து இடங்களில் மெல்லிய மரப் பாலங்களை அறாமல் விட்டுவைத்து, இயந்திரம் நின்றபின் அவற்றைக் கையால் அறுத்தெடுப்பர். புதிய வேலை எதுவாயினும், பிட்டை மரத்துக்கு மேலே உயர்த்தி வைத்து ஒருமுறை வெற்றோட்டம் விட்டுப் பார்த்தல் வேண்டும். பிட் கிளாம்பின்மீது பாயுமாறு எண் எழுதப்பட்டிருப்பின் அப்போதே வெளிப்படும். பாதை தெளிவென்று உறுதியாகும் வரை நிலையத்தில் அந்நாளில் வண்டிக்குக் கைகாட்டி இறக்கியதில்லை. பட்டறைக்கும் அவ்விதியே பொருந்தும்.

வேகத்தின் கணக்கு

இம்மோட்டார்களில் பல நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை சுழல வல்லவை. எல்லாப் பிட்டையும் அவ்வேகத்தில் சுழற்றலாம் என்று எண்ணுதல் பெரும் பிழை. 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பிட் நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது.  அவ்விளிம்பிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. பிட்டுக்குரிய உச்ச வேகத்தை அதன் தண்டிலோ உறையிலோ செய்தவர் குறித்திருப்பர். அதனைக் கடத்தல் ஆகாது. பிட் பெரிதாகப் பெரிதாகச் சுற்று குறைய வேண்டும்.

பிட் சுழலும் வேகத்துக்கும் அது மரத்தினூடே நகரும் வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வெட்டுவாய் கொண்ட 6 மில்லிமீட்டர்ப் பிட் 18,000 சுற்றில், வாய் ஒன்றுக்கு 0.15 மில்லிமீட்டர் சீவ வேண்டுமானால், 18,000 × 2 × 0.15 = 5,400; அதாவது நிமிடத்துக்கு 5,400 மில்லிமீட்டர் நகர வேண்டும். பயந்து 1,000 என்று வைத்தால் பிட் மரத்தைச் சீவாது, தேய்க்கும், தேய்ந்தால் சூடேறும், சூட்டில் மரம் கருகும். மிக விரைந்து நகர்த்தினாலோ பிட் ஒடியும். பிட்டிலிருந்து சீவல் விழ வேண்டும், மாவு விழலாகாது என்பதை நினைவில் இருத்துக. வைர மரத்தில் ஒரே இறக்கத்தில் ஆழமாக வெட்ட முயலாமல், பிட்டின் அகலத்தில் பாதி ஆழமாகப் பலமுறை வெட்டுதல் புதியவர்க்கு ஏற்றது.

பிட்டைப் பற்றும் ‘காலெட்’ என்னும் பிடிப்பானைத் தூசி நீக்கித் துடைத்து வைக்க வேண்டும். அதன் நீளத்தில் முக்காற் பங்கேனும் பிட்டின் தண்டு உள்ளே இருத்தல் அவசியம். பிட் மாற்றும்போது கணிப்பொறியில் நிறுத்தினால் மட்டும் போதாது. மின்சாரத்தையே துண்டித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அவசர நிறுத்தத்துக்கான சிவப்புப் பொத்தான் இயக்குபவர் நிற்கும் இடத்திலிருந்து எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். நாள்தோறும் வேலை தொடங்குமுன் அதனை அழுத்திப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

உடையும் அணியும்

கையுறை அணிந்தால் கை பிழைக்கும் என்று பலர் நம்புகின்றனர். சுழலும் இயந்திரத்தின்முன் உண்மை இதற்கு நேர்மாறு. கையுறையின் ஒரு நூல் பிட்டில் சிக்கினும் கையையே இழுத்துச் செல்லும். பலகையைத் தூக்கும்போது கையுறை அணிக. இயந்திரம் சுழலும்போது கழற்றுக. தோளில் தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, வேட்டி, கைலி, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றுக்கும் இதுவே விதி. மாதேசுவர மலைக்குப் போய் வந்து மணிக்கட்டில் கட்டிய கயிறும் இதற்கு விலக்கன்று. அதனைப் பூசையறையில் வைத்துவிட்டு வேலைக்குச் செல்வதால் தெய்வம் கோபிக்காது. கண்ணுக்குப் பக்கமறைப்புள்ள கண்ணாடியும் காதுக்குக் காப்பும் வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையைப் பல்லாண்டு கேட்கும் செவி மெல்ல மெல்லக் கேள்வியை இழக்கும்.

கண்ணுக்குப் புலப்படாத பகை

விரல் வெட்டுண்டால் குருதி காட்டிக் கொடுக்கும். தூசியோ இருபது முப்பது ஆண்டுகள் மறைந்திருந்து கொல்லும். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊர் நாற்காலி செய்வதற்குப் பெயர் பெற்றது. அங்கே காது மூக்குத் தொண்டை மருத்துவராயிருந்த எஸ்மே ஹாட்ஃபீல்டு அம்மையார், அரிதாகக் காணப்படும் ஒருவகை மூக்குப் புற்றுநோய் மரவேலை செய்வோரிடத்தே மிகுந்து வருதலைக் கண்டார். அவரும் பிற ஆய்வாளரும் 1960களில் அதனை ஆராய்ந்து உலகறியச் செய்தனர். பின்னர் 1995ஆம் ஆண்டில், உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வகம், மரத்தூசி மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பதென ஐயமின்றி வகைப்படுத்தியது. இவற்றுள் கடின மரங்களின் தூசியே மிகக் கொடிது. ஈட்டி மரத் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பையும் மார்பில் இழுப்பையும் உண்டாக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தார் கடின மரத் தூசிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்று 2023 முதல் எல்லை வகுத்துள்ளனர். ஓர் அரிசியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆகவே, பிட்டின் அருகிலேயே தூசியை உறிஞ்சும் குழாய் இல்லாத இயந்திரம் முற்றுப்பெறாத இயந்திரம் என்றே கொள்க. முகத்தில் கட்டிய துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 என்று குறித்த முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்துமாறு அணிதல் வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவதும் காற்றடித்து ஊதுவதும் படிந்த தூசியை மீண்டும் மூக்குக்கே அனுப்பும். உறிஞ்சியால் எடுப்பதே முறை.

தீயும் தூசியின் உடன்பிறப்பே. கருகிய பிட்டிலிருந்து ஒரு பொறி உறிஞ்சும் குழாய் வழியே தூசிப் பைக்குள் சென்றால், அங்கே சாம்பல் மூடிய நெருப்பாய்க் கிடந்து, ஆள் இல்லாத நள்ளிரவில் எரியத் தொடங்கும். மரத்தாலாகிய மைசூர் அரண்மனை 1897ஆம் ஆண்டில் தீக்கிரையானதை இந்நகரத்தார் அறிவர். அரண்மனைக்கே அந்நிலையெனில் தகரக் கொட்டகை எம்மாத்திரம்! இயந்திரம் ஓடும்போது அதனை விட்டுத் தேநீர் அருந்தச் செல்லலாகாது. மாலையில் தூசிப் பையை மூடியுள்ள இரும்புப் பீப்பாயில் கொட்டி வெளியே வைக்க வேண்டும். பீடியும் சிகரெட்டும் பட்டறை வாயிலுக்கு வெளியே நிற்கட்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும்.

இல்லத்தார் கடமை

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தூசியை அகற்றுதலும் தொழிலாளர் கண்ணைக் காத்தலும் தொழிற்சாலை நடத்துவோர் கடமை என விதித்தது. ஆயினும் மின்விசையால் இயங்கும் பட்டறையில் பத்துப் பேரேனும் இருந்தால்தான் அது தொழிற்சாலை எனப்பட்டது. நாலைந்து பேர் உழைக்கும் சிறு பட்டறைக்கு அச்சட்டத்தின் கை பெரும்பாலும் எட்டவில்லை. ஆதலின் இல்லத்தாரும் உழைப்பவரும் தாமே விழித்திருத்தல் இன்றியமையாதது.

மகனையோ கணவரையோ பட்டறைக்கு அனுப்பும் தாய்மாரும் மனைவிமாரும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். தூசி உறிஞ்சும் குழாய் உண்டா? முகமூடியும் கண்ணாடியும் தருகின்றனரா? சிவப்புப் பொத்தான் வேலை செய்கிறதா? பிட் மாற்றும்போது மின்சாரத்தைத் துண்டிக்கின்றனரா? விபத்து நேர்ந்தால் செல்ல வேண்டிய மருத்துவமனை எது? இவற்றுக்கு விடை தெரியாதவர் அடுத்த நாளே கேட்டறிந்து வரட்டும். பட்டறை உடையை வீட்டினுள் உதறாமல், குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க. ஒரு பக்க மூக்கடைப்போ குருதிக் கசிவோ வாரக்கணக்கில் நீடிப்பின், சளி என்று விடாமல் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லிக் காட்டுக.

விரல் துண்டுபடின், காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்து 108ஐ அழைக்க வேண்டும். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டு செல்க. விரல் நேரே பனிக்கட்டியில் படலாகாது. விரைந்து சென்றால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு.

இத்தொழிலை முறையாகப் பயில விரும்பும் இளைஞர்க்குப் பெங்களூர் மல்லேசுவரத்தில் மத்திய அரசைச் சார்ந்த மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. மரவேலை இயந்திரங்களில் பயிற்சி தரும் மையத்தையும் அது நடத்துகிறது. பார்த்துப் பழகியவரினும் படித்துப் பழகியவர்க்கு ஊதியமும் மிகுதி, ஆபத்தும் குறைவு.

இயந்திரத்தை வெறுக்க நாம் சொல்லவில்லை. மைசூர் ஈட்டிமரப் பதிகை வேலை உலகப் புகழ் பெற்றது கருவியால் மட்டுமன்று, கருவிக்குப் பின்னிருந்த கண்ணாலும் அறிவாலுமாகும். கை உளி மாறி எண் உளி வந்தபோதிலும் அக்கண்ணுக்கும் அறிவுக்கும் வேலை குறையவில்லை, முன்னிலும் மிகுந்துள்ளது. காலையில் பட்டறைக்குச் சென்ற நம் பிள்ளைகள் பத்து விரலோடும் நல்ல மூச்சோடும் மாலையில் வீடு திரும்புக! அவர் செய்யும் கதவுகள் நெடுநாள் நிலைத்து நிற்க!