பிள்ளை முதலில் சொல்வது உங்களிடம் என்றால்

சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய செய்தி வெளிவந்தவுடன் பொலிஸ் என்ன செய்தது, நீதிமன்றம் என்ன செய்தது என்று கேட்கிறோம். யுத்தத்துக்குப் பின்னர் வன்னியில் உளசமூகப் பணியாளராக நான் சந்தித்த குடும்பங்களில், பொலிஸுக்குப் போவதற்கு நெடுநாள் முன்பே யாரோ ஒருவருக்கு விடயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. வகுப்பாசிரியை, முன்பள்ளி ஆசிரியை, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், ரியூசன் வாத்தியார் என்று அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

பிள்ளை ஒருபோதும் முழுக்கதையையும் ஒரே நாளில் சொல்வதில்லை. "ரீச்சர், நான் இண்டைக்கு வீட்ட போகேல்ல" என்று தொடங்கும். அல்லது, "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ" என்று கேட்கும். அந்தச் சத்தியத்தைச் செய்யக்கூடாது. "உனக்கு உதவக்கூடிய ஆட்களுக்கு மட்டும் நான் சொல்லவேண்டி வரும், ஆரெண்டு உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்" என்பதே நேர்மையான பதில். பிறகு குறுக்கிடாமல் கேளுங்கள். "மாமாவா செய்தவர்?" என்று பெயரை நாங்களே எடுத்துக் கொடுக்கக்கூடாது. நாங்கள் வாயில் போட்ட சொல் என்று பின்னர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வதற்கு அது இடம் கொடுக்கும். பிள்ளை சொன்ன சொற்களைத் திருத்தாமல், திகதியும் நேரமும் போட்டு அன்றே எழுதி வையுங்கள்.

அதிபர் ஒருதரம், கோட்ட அதிகாரி ஒருதரம், பெரியம்மா ஒருதரம் என்று பிள்ளையை ஐந்து இடத்தில் சொல்ல வைப்பது எங்கள் ஊர்களில் சாதாரணம். ஒவ்வொரு தடவையும் பிள்ளை அதை மீண்டும் அனுபவிக்கிறது. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது இந்தச் சுமையைக் குறைக்கத்தான். விசாரிப்பது கேட்டவரின் வேலை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு உண்மையா பொய்யா என்று கேட்பதும் அவரது வேலை இல்லை. அப்படிக் கேட்டால் அவர் பிள்ளையை மிரட்டவோ ஊரைவிட்டு மாறவோ நேரம் கிடைத்துவிடும். சம்பவம் அண்மையில் நடந்திருந்தால், சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்வரை பிள்ளையைக் குளிப்பாட்டவோ உடுப்பைத் தோய்க்கவோ வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிடுங்கள். தாயின் முதல் எண்ணமே பிள்ளையைக் கழுவித் துடைப்பதாகத்தான் இருக்கும்.

யாருக்குச் சொல்வது? 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். பெற்றோராக இருக்கவேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். நன்னடத்தை உத்தியோகத்தரும் பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவும் உள்ளன. பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று குடும்பத்துக்குச் சொல்லுங்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஆனாலும் எங்கள் மக்கள் பொலிஸ் படியேறத் தயங்குகிறார்கள். அதைக் கவலையீனம் என்று எழுதும் அறிக்கைகளை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வரும். பிள்ளையின் வயதைக் கேட்டு ஆள் வந்தால் என்ன நடக்கும் என்பது இறுதி யுத்தகால வன்னித் தாய்மாருக்குத் தெரியும். ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறு வயதில் கலியாணம் கட்டி வைத்தவர்களும், பிள்ளையைப் பதுங்குகுழியில் மறைத்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். பிறகு முகாமில் பதிவு, வெளியே வந்தபின்னும் பதிவு. அந்தத் தாயின் வாசலில் படிவத்தோடு நிற்கும்போது நீங்கள் யார், இந்தத் தாள் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம் செலவானாலும் பரவாயில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. தாய் கூலிவேலைக்கோ வெளிநாட்டுக்கோ போக, பிள்ளை அம்மம்மாவோடு வளரும் வீட்டில் சோறு குறைவு, சீருடை கிழிசல் என்பதைப் பார்த்தவுடன் 'பராமரிப்பில்லை, விடுதிக்கு அனுப்பலாம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது வறுமை. பிள்ளையின் நலனுக்கு அவசியமானால் தவிரப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்கிறது 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம். அந்த வீட்டுக்கு அரசின் உதவித்தொகை கிடைக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. பிள்ளை இரவில் யாருக்குப் பயப்படுகிறது என்பது வேறு கேள்வி. வசதியான வீட்டிலும் அதைக் கேட்கவேண்டும்.

மிகக் கடினமானது ஊர்ச் சமாதானம். குற்றம் செய்தவர் சொந்தக்காரர், குடும்பத்தைத் தாங்குபவர், கோயில் சபைக்காரர் என்றால் பெரியவர்கள் கூடி விடயத்தை முடித்துவிடப் பார்ப்பார்கள். பிள்ளையின் எதிர்காலம் என்பார்கள். சில இடங்களில் அவருக்கே கட்டிவைப்போம் என்கிற அளவுக்குப் பேச்சுப் போயிருக்கிறது. பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது 1995 முதல் 18. பதினாறுக்குக் குறைந்த பெண்பிள்ளையின் சம்மதம் சட்டத்தின்முன் சம்மதமே இல்லை. அந்தக் கூட்டத்துக்குக் கிராம அலுவலரையோ அதிபரையோ அழைத்தால், இதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்து, அன்றே அறிவிக்கவேண்டும். உட்கார்ந்திருந்தால் அந்தச் சமாதானத்துக்கு அரச முத்திரை குத்தியதாகிவிடும்.

முறைப்பாட்டுக்குப் பின்னர் வருடக்கணக்கில் வழக்கு இழுபடும். நீதிமன்றத்துக்குப் போக பஸ் காசு வேண்டும், தாய்க்கு அன்றைய கூலி இல்லை. இவற்றைப் பிரதேச செயலகத்தில் நினைவூட்ட ஒருவர் வேண்டும். வழக்குத் திகதிகளை வகுப்பாசிரியை தன் நாட்குறிப்பில் குறித்து வைத்திருந்தால், நேற்று ஏன் வரவில்லை என்று வகுப்பின் முன்னால் அந்தப் பிள்ளையிடம் கேட்கமாட்டார்.