மறைக்கும் மொழியும் காட்டிக்கொடுக்கும் விகுதியும்: தொடர்கொலைப் புதினங்களின் ஈர்ப்பும் அவற்றின் தமிழாக்கமும்

முன்னுரை

ஒன்றன்பின் ஒன்றாகப் பலரைக் கொல்லும் ஒருவரைத் தேடிப் பிடிக்கும் உளவியல் குற்றப் புதினங்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் பெருவழக்குப் பெற்றன. இவற்றின் ஈர்ப்பை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் அச்சம், கிளர்ச்சி, தீமையை அறியும் வேட்கை ஆகிய உளக்கூறுகளையே சுட்டுவர். அவ்விளக்கம் பிழையன்று; எனினும் அது நிறைவானதன்று. இப்புதினங்களில் வாசகரைப் பற்றி இழுப்பது கொலையாளியின் மனத்தைக் காட்டிக்கொண்டே ஆளை மறைக்கும் ஒரு மொழி உத்தியாகும். அவ்வுத்தி ஆங்கில இலக்கண அமைப்பைச் சார்ந்து நிற்பதால் தமிழுக்கு வரும்போது குலைய நேர்கிறது. குலைவது எங்கே, தமிழ் இலக்கணம் அதற்குத் தரும் மாற்று யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

1. வகையின் தோற்றமும் பெயரும்

1888இல் இலண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் நிகழ்ந்த கொலைகளைச் செய்தவர் யார் என்பது இன்றும் துலங்கவில்லை. அக்கொலைகளைப் பின்புலமாகக் கொண்டு மேரி பெல்லாக் லௌன்டிஸ் எழுதிய 'தி லாட்ஜர்' 1913இல் நூலாக வெளிவந்தது. வாடகைக்கு வந்து தங்கியிருப்பவரே கொலையாளியோ என வீட்டுக்காரப் பெண்ணுக்கு எழும் ஐயமே அப்புதினத்தின் உயிர். 1936இல் அகதா கிறிஸ்டி 'தி ஏபிசி மர்டர்ஸ்' புதினத்தில் நண்பர் ஒருவர் தன்மையிடத்தில் கூறும் கதையினிடையே, வேறொரு மனிதரைப் பின்தொடரும் படர்க்கைப் பகுதிகளைச் செருகி வாசகரைத் திசைதிருப்பினார். தாமஸ் ஹாரிஸ் எழுதிய 'ரெட் டிராகன்' (1981), 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1988) ஆகியன இவ்வகைக்கு இன்றைய வடிவத்தை அளித்தன. பின்னதன் திரைவடிவம் 1991இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை 1972இல் நிறுவிய நடத்தை அறிவியல் பிரிவு. அப்பிரிவினர் சிறையிலிருந்த 36 கொலையாளிகளை நேர்கண்டு, குற்றக்களத்தின் தடயங்களிலிருந்து குற்றவாளியின் இயல்பை உய்த்துணரும் முறையை வகுத்தனர். நடைமுறையில் அம்முறையின் துல்லியம் குறித்து ஆய்வாளரிடையே ஐயங்கள் உண்டு. புதினத்திலோ அது தவறுவது அரிது. தடயத்தைப் படித்து மனத்தை அறியும் துப்பறிவாளரும், எழுத்தைப் படித்து மாந்தரை அறியும் வாசகரும் அங்கு ஒரே தொழிலைச் செய்கின்றனர். ஈர்ப்பின் முதற்படி இதுவே.

'தொடர் கொலையாளி' என்பதற்கு நேரான ஜெர்மன் சொல்லைப் பெர்லின் காவல் அதிகாரி எர்ன்ஸ்ட் கென்னாட் 1930இல், பீட்டர் க்யூர்ட்டென் வழக்கைப் பற்றி எழுதியபோது பயன்படுத்தினார். ஆங்கிலச் சொல்லை 1970களில் பரப்பியவர்களுள் மேற்கூறிய பிரிவைச் சேர்ந்த ராபர்ட் ரெஸ்லர் குறிப்பிடத்தக்கவர். இளமையில் வாரந்தோறும் திரையரங்கில் கண்ட தொடர்படங்களை அச்சொல் தமக்கு நினைவூட்டியதாக அவர் குறித்துள்ளார். ஒவ்வொரு பகுதியும் நிறைவின்றி முடிந்து அடுத்ததை எதிர்நோக்கச் செய்வது அப்படங்களின் இயல்பு. தமிழில் 'தொடர்கதை'யும் 'தொடர்கொலை'யும் ஒரே அடைமொழியைப் பெற்றிருப்பது இங்கு நோக்கத்தக்கது. அடுத்தது எப்போது என்னும் எதிர்பார்ப்பு பெயரிலேயே அமைந்துவிட்டது.

2. மனம் முன்னும் முகம் பின்னும்

மரபான துப்பறியும் கதையில் 'யார்' என்பதே வினா. தொடர்கொலைப் புதினத்தில் கொலையாளியின் மனம் வாசகருக்கு இடையிடையே திறந்து காட்டப்படுகிறது. இதில் இரு போக்குகள் உண்டு. ஹாரிஸின் புதினங்களில் துப்பறிவாளர் அறியுமுன்னரே கொலையாளியின் பெயரும் வீடும் வாசகருக்குத் தெரிந்துவிடும். இங்கு எப்போது பிடிபடுவார் என்பதே பதற்றம். மற்றொரு போக்கில் மனம் தெரியும், ஆள் தெரியாது. வால் மெக்டெர்மிட் எழுதி 1995இல் வெளிவந்த 'தி மெர்மெய்ட்ஸ் சிங்கிங்' இதற்குத் தக்க சான்று. அதில் கொலையாளியின் குறிப்பேட்டுப் பகுதிகள் தன்மையிடத்தில் அமைந்து இயல்களினூடே வருகின்றன. கொலையாளியின் பால் குறித்துப் புலனாய்வாளர் கொண்டிருந்த எண்ணம் இறுதியில் புரள்கிறது.

இரண்டாம் போக்கில் வாசகர் ஒருவரை மிக நெருங்கி அறிகிறார். ஆனால் தெருவில் கண்டால் அவரை அடையாளம் காண இயலாது. அன்றாட வாழ்வில் நிலைமை இதற்கு நேர்மாறானது: முகங்களை அறிவோம், மனங்களை அறியோம். இவ்வாழ்வனுபவத்தைத் தலைகீழாக்கித் தருவதே இவ்வகையின் தனி ஈர்ப்பு எனலாம். அதைத் தாங்கி நிற்பது, செய்தவர் ஆணா பெண்ணா எனக் காட்டாத வினைமுற்று.

3. பால்காட்டும் விகுதி

ஆங்கில வினைமுற்று பால் காட்டாது. படர்க்கைச் சுட்டுப்பெயரைத் தவிர்த்து, 'கொலையாளி' என்னும் பொருதுப்பெயரை எழுவாயாக்கினால் மறைப்பு முழுமையடையும். தமிழிலும் 'கொலையாளி' என்பது 'கொலைகாரன்', 'கொலைகாரி' என்பன போலன்றி இருபாற்கும் பொதுவானதே. ஆயினும் பெயர் மறைத்ததைப் பயனிலை வெளிப்படுத்திவிடும். 'கொலையாளி கதவைத் திறந்தான்' என்று எழுதியவுடன் மூலநூலாசிரியர் முந்நூறு பக்கங்கள் காத்த மறைபொருள் ஒரு விகுதியால் வெளியாகிறது. உண்மைக் கொலையாளி பெண்ணாயின், மொழிபெயர்ப்பாளர் வாசகரிடம் பொய்யுரைத்தவராகிறார். மூலநூலாசிரியரோ எவ்விடத்தும் பொய்யுரைக்கவில்லை.

'-ஆர்' விகுதி தீர்வாகுமா? பால் ஐயமுற்ற இடத்துப் பன்மையாற் கூறுக எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் விதிக்கிறது. தொலைவில் தோன்றுவது ஆணா பெண்ணா எனத் தெளியாத நிலையை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். ஆனால் அப்பன்மை விகுதி இன்று உயர்வுப்பொருளையும் ஏற்றுக்கொண்டது. 'கொலையாளி கத்தியை எடுத்தார்' என்னும் தொடர் கொலையாளிக்கு மதிப்பளிப்பதாகத் தொனிக்கும். நாளிதழ்கள் 'மர்ம நபர் தப்பியோடினார்' என்று எழுதி இச்சிக்கலைக் கடக்கின்றன. அந்நடை செய்திக்குப் பொருந்தும், மனத்தை நெருங்கிக் காட்டும் புனைவுக்குப் பொருந்தாது.

4. தமிழ் தரும் வழிகள்

தமிழ் வினை எல்லா இடத்தும் பால் காட்டுவதில்லை. தன்மை ஒருமை விகுதி ஆண்பெண் வேறுபாடு அற்றது. ஆகவே மெக்டெர்மிட்டின் குறிப்பேட்டு உத்தி தமிழுக்கு இடரின்றி வரும். அப்புதினத்தில் புலனாய்வாளர் தம் உரையாடலில் 'அவன்' என்பதை மொழிபெயர்ப்பாளர் மாற்றாது காத்தல் வேண்டும். அது மாந்தரின் பிழை, கதைசொல்லியின் பிழையன்று.

படர்க்கையிலும் வழிகள் உள. 'வரவில்லை', 'வேண்டும்', 'முடியும்', 'கூடாது' போன்ற வடிவங்கள் பால் காட்டா. வினையெச்சங்கள் பால் காட்டாமையால் ஒரு செயற்கோவை முழுவதையும் வினைமுற்று வரும்வரை ஒத்திப்போடலாம். 'தன்', 'தனக்கு' என்னும் வடிவங்கள் இருபாற்கும் பொது. அனைத்தினும் சிறந்த வழி நான்காம் வேற்றுமை எழுவாய்த் தொடர்கள். தெரிதல், புரிதல், பிடித்தல், பசித்தல், வலித்தல் ஆகியவற்றில் உணர்பவர் 'கு' உருபேற்க, வினை அஃறிணை முடிபு கொள்கிறது. தமிழில் செய்பவரின் பாலை வினை காட்டும். இவ்வினைகளில் உணர்பவரின் பாலைக் காட்டாது. மனத்தைக் காட்டி ஆளை மறைக்கும் ஒரு புதின வகைக்கு இதனினும் ஏற்ற இலக்கண வசதி அரிது.

கொலையாளி கதவைத் திறந்து, உறங்கும் பெண்ணைக் கண்டு, இனி எவரும் வரார் என அறியும் ஓர் ஆங்கிலப் பகுதியைக் கொள்வோம். 'கொலையாளி கதவைத் திறந்தான். உறங்கும் பெண்ணைப் பார்த்தான். இனி யாரும் வரமாட்டார்கள் என்று அறிந்தான்' என்பது முதற்படி. இதில் மூன்று வினைமுற்றுகள் மும்முறை காட்டிக்கொடுக்கின்றன. 'ஓசையின்றிக் கதவு திறந்தது. கட்டிலில் ஒரு பெண் உறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. இனி யாரும் வரப்போவதில்லை' என்பது மறுபடி. இதில் பால் மறைகிறது. 'என்று' என்னும் இடைச்சொல்லும் நீங்குகிறது. 'என்று அறிந்தான்' எனும்போது கதைசொல்லி வாசகருக்கும் மனத்துக்கும் நடுவே நிற்கிறார். அது நீங்கியதும் வாசகர் கொலையாளியின் கண்வழி நேரே காண்கிறார். ஆளை மறைக்கும் வடிவங்களே மனத்தையும் அண்மைப்படுத்துகின்றன. ஆங்கிலம் இரு வேறு உத்திகளால் பெறும் பயனைத் தமிழ் ஒன்றாலேயே பெறுகிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஏனைய மாந்தர் '-ஆன்', '-ஆள்' ஏற்க, ஒருவர் மட்டும் விகுதியின்றி நடமாடினால் அவ்வின்மையே அடையாளமாகிவிடும். துப்பறிவாளரின் மனத்தைக் காட்டும் பகுதிகளிலும் இத்தகைய தொடர்களைப் பரவலாக அமைத்தால் வாசகரின் ஐயம் தணியும்.

5. 'அது' என்னும் சுட்டு

பால் மறைப்பினும் நுட்பமான சிக்கல் திணையில் எழுகிறது. 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' புதினத்தில் கொலையாளி தான் சிறைவைத்த பெண்ணிடம் பேசும்போதே அவரை அஃறிணைச் சுட்டால் குறிக்கிறான். அப்பெண்ணின் தாயோ தொலைக்காட்சி வேண்டுகோளில் மகளின் பெயரை மீண்டும் மீண்டும் உரைக்கிறார். பெயரைக் கேட்பவன் அவளை மனிதராகக் காணக்கூடும் என்பது நம்பிக்கை. ஒரு சுட்டுப்பெயருக்கும் ஓர் இயற்பெயருக்கும் இடையே ஓர் உயிர் ஊசலாடுகிறது.

தமிழ்ப் பேச்சுவழக்கில் 'அந்தப் பொண்ணு வந்தது', 'பாவம், அது என்ன செய்யும்' என அஃறிணை முடிபு பரிவையும் உணர்த்தும். ஆகவே 'அது' என்று நேரே பெயர்த்தால் கொடுமை கனிவாக மாறிவிடும் இடர் உண்டு. மூலத்தில் நடுக்கம் தருவது அஃறிணை மட்டுமன்று. எதிரே நிற்பவரை முன்னிலையிற் கூறாது படர்க்கையிற் கூறுவதும் ஆகும். 'இது கத்தக்கூடாது, இது சொன்னதைச் செய்யும்' என எதிரில் இருப்பவரிடமே அண்மைச் சுட்டால் கூறவைப்பது அக்கொடுமையை ஓரளவு மீட்கும். சுற்றியுள்ள பகுதிகளில் அப்பெண்ணைக் குறிக்கும் எல்லா இடத்தும் உயர்திணை முடிபு பிறழாது அமைந்தால்தான் இவ்வேறுபாடு புலப்படும்.

6. கலைச்சொற்கள்

இவ்வகைப் பெயர்ப்பில் 'சைக்கோபாத்', 'சைக்காட்டிக்' ஆகிய இரண்டையும் 'மனநோயாளி' என்று குறிப்பது பெருவழக்கு. முன்னது குற்றவுணர்வும் பரிவும் அற்ற ஆளுமையைச் சுட்டும். பின்னது நனவுலகத் தொடர்பு சிதைந்த நோய்நிலையைச் சுட்டும். அண்டைவீட்டாரைப் போல் இயல்பாகத் தோன்றும் ஒருவரே கொலையாளி என்பதில்தான் இப்புதினங்களின் அச்சம் வேரூன்றியுள்ளது. 'மனநோயாளி' என்னும் சொல் அவ்வச்சத்தை அழிக்கிறது. அத்துடன் எவருக்கும் தீங்கிழைக்காத நோயுற்றோர் மீது பழியையும் ஏற்றுகிறது. முன்னதற்குப் 'பரிவற்ற ஆளுமையர்' எனவும், பின்னதற்கு 'உளச்சிதைவுற்றவர்' எனவும் வேறுபடுத்துதல் தகும். இதழ்களும் திரைப்படங்களும் பரப்பிய 'சைக்கோ' என்னும் சொல்லை மாந்தரின் பேச்சில் மட்டும் வழங்குதல் நலம்.

இவ்வாறே 'மோடஸ் ஆப்பரண்டி', 'சிக்னேச்சர்' ஆகியனவும் வேறானவை. முன்னது குற்றத்தை நிறைவேற்றக் கையாளும் முறை. அது சூழலுக்கேற்ப மாறும். பின்னது குற்றத்துக்குத் தேவையற்றதாயினும் செய்பவரின் உளத்தேவையை நிறைவிப்பது, எளிதில் மாறாது. பின்னதைக் 'கையொப்பம்' எனப் பெயர்த்தால் தாளில் இடும் ஒப்பமாக மயங்கும். 'செய்முறை', 'உளமுத்திரை' என்னும் இணை இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

முடிவுரை

தொடர்கொலைப் புதினங்களைப் பொழுதுபோக்கு எனக் கருதி விரைந்து பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவற்றில் விகுதி, திணை, சுட்டு, வேற்றுமை ஆகிய ஒவ்வொன்றும் கதையின் பகுதியாகும். ஐயத்தை மொழி எவ்வாறு ஏற்கும் என்பதைத் தமிழ் இலக்கணம் தொன்மை முதலே எண்ணிப் பார்த்துள்ளது. அவ்வளத்தை உணர்ந்து பயன்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், கொலையாளியின் மறைவைக் காப்பதோடு, கொலையுண்டோரைச் 'சடலம் கிடந்தது' என்னும் அஃறிணைத் தொடருள் அடக்கிவிடாது அவர்தம் உயர்திணையையும் காக்க இயலும்.